மாவுக்காரிக்குக் கணக்கு வராது

அந்தப் பெண்ணுக்குக் கணக்கு வராது. இதை நான் வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை. பதினெட்டு வருடம் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கணக்கு எடுத்தவள் நான். ஒரு பிள்ளை பென்சிலைப் பிடிக்கிற விதத்தைப் பார்த்தே அதற்கு வகுத்தல் வருமா, வராதா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவளின் மகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்க ரொட்டிக் கடையில் மாவு பிசைகிற ஒருத்தியை அனுப்பினார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்த கதைதான்.

நாங்கள் இந்த ஊருக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சண்டை வீட்டு வாசலுக்கே வந்தபோது கிளம்பியவர்கள். இரண்டு பையும் ஒரு மகளுமாக வந்து இறங்கினோம். என் சான்றிதழ்களை இங்கே ஓர் அலுவலகத்தில் வாங்கி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, "பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று திரும்பக் கொடுத்துவிட்டார்கள். பத்திரமாகத்தான் இருக்கின்றன, பீரோவில், குளிர்கால உடைகளுக்கு அடியில். நான் ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கிறேன். என் வீட்டுக்காரர் பார்சல் கிடங்கில் பெட்டி தூக்குகிறார். இன்னமும் என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். அது மரியாதையா, கிண்டலா என்று கல்யாணமான நாளிலிருந்து எனக்கு விளங்கவில்லை.

மகளுக்குப் பதினொரு வயது. வீட்டில் அவள் பெயர் வாயாடி. தூக்கத்தில்கூட வாய் ஓயாது. ஆனால் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டினால் வாய்க்குப் பூட்டு. கடையிலும் ஆஸ்பத்திரியிலும் எனக்காகப் பேசும் அளவுக்கு இந்த ஊர் மொழி அவளுக்கு வந்திருந்தது; வாத்தியார் முன்னால் மட்டும் தலையை ஆட்டுவதோடு சரி. அவளை, புதிதாக வந்த பிள்ளைகளுக்கென்று இருந்த தனி வகுப்பில் போட்டிருந்தார்கள். தாழ்வாரத்தின் கடைசியில், கழிப்பறைக்கு அடுத்த அறை. எட்டு வயதுப் பிள்ளையும் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் ஒரே மேஜையில். கை கழுவுகிற படத்துக்கு வண்ணம் அடி, பூனைப் படத்தை வெட்டி ஒட்டு, இதுதான் பாடம். நாலாம் வகுப்பிலேயே பின்னம் முடித்த என் மகள் பூனைக்கு மீசை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

வருடக் கடைசியில் ஒரு கணக்குப் பரீட்சை உண்டு. ஐம்பதுக்கு முப்பது வாங்கினால் எல்லாப் பிள்ளைகளும் படிக்கிற ஆறாம் வகுப்புக்குப் போகலாம். வாங்காவிட்டால் இன்னொரு வருடம் பூனை மீசை.

இதற்காகத்தான் அந்த டியூஷன். ஏதோ ஒரு தொண்டு நிறுவனம், நூலகத்தின் மாடியில் செவ்வாயும் வெள்ளியும் நாலு மணிக்கு நடத்தியது. அதன் பொறுப்பாளர் அம்மாள் கழுத்தில் எப்போதும் அடையாள அட்டை தொங்கும். நான் வைத்த பெயர் அட்டைக்காரி. அகதி என்றாலே தலையைச் சாய்த்துக்கொண்டு, காய்ச்சல்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்துச் சிரிப்பாள். பிள்ளைகள் குனிந்து எழுதும்போது ஒரு போட்டோ, நிமிர்ந்தால் ஒரு போட்டோ. சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லோரும் சும்மா வருகிறவர்கள். ஒரு தபால்காரர், ஒரு பல் டாக்டரின் மனைவி, காலேஜ் பிள்ளைகள் சிலர். என் மகளுக்கு வாய்த்தவள்தான் இந்த மாவுக்காரி.

இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். விடியற்காலையிலேயே வேலைக்குப் போகிறவள். நாலு மணிக்கு வந்து உட்காரும்போது கண் சொருகும். கொட்டாவி விட்டால் தொண்டை வரை தெரியும். நகக் கண்ணில் மாவு, தலைமுடியில் மாவு. வந்ததும் வாயாடியின் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்து வாசிப்பாள். பெருக்கல் வாய்பாட்டை விரலில் எண்ணுவாள். ஏழு எட்டு எவ்வளவு என்பதற்கு அவள் கூரையைப் பார்த்ததை என் கண்ணால் பார்த்தேன்.

பெற்றோர் உட்கார ஒரு பெஞ்ச் இருந்தது, நிலப்படப் புத்தக அலமாரிக்குப் பின்னால். வேலை முடித்து வந்து நான் அங்கேதான் உட்காருவேன். அலமாரி இடுக்கு வழியாக மேஜை நன்றாகத் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை மாவுக்காரி ஒரு தாளில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினாள். எப்படிக் கூட்டினாள் தெரியுமா? மேலே இருப்பதை மேலே கூட்டினாள், கீழே இருப்பதைக் கீழே கூட்டினாள். ஐந்தில் இரண்டு என்று எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு போட்டாள்.

எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது. வாயாடி களுக்கென்று சிரித்தாள். தாளைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு துண்டைக் கிழித்து ஆறாக மடித்து, திக்கித் திக்கி இந்த ஊர் மொழியில் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். மாவுக்காரி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். நடுநடுவே ஒரே ஒரு வார்த்தை: "ஏன்?" அந்த வார்த்தையை நான் அவளிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். நிமிடத்துக்கு நாலு தடவை கேட்பாள். கேட்டுக் கேட்டு, கடைசியில் தலையை ஆட்டிவிட்டு, வாயாடி சொன்னதையெல்லாம் நாலு வரியாக நோட்டில் எழுதச் சொன்னாள்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்.

"அவளுக்கு அதுகூடத் தெரியாதாடி?"

"தெரியாதும்மா. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

"நீ சொல்லிக்கொடுத்தியா?"

"ஆமா. அக்காவுக்கு மூணு தடவை சொன்னாதான் புரியும். நான் தப்பாப் பேசினா சிரிக்க மாட்டாங்க. அவங்களுக்குக் கணக்கு வராதில்ல, அதனால நான் சொல்றதையேதான் பாத்துக்கிட்டு இருப்பாங்க."

அன்று அவள் நோட்டைப் புரட்டினேன். பக்கத்துக்கு ஒரு கணக்கு. அதன் கீழே எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் நாலு வரி, ஐந்து வரி. ஒன்றரை மணி நேரத்தில் மூன்று கணக்கு! என் வகுப்பில் அந்த நேரத்துக்கு முப்பது கணக்கு ஓடியிருக்கும், அதிலும் நாலு பேருக்குக் காது திருகியிருப்பேன்.

"இலவசமாக் கிடைக்குது, விடேன் டீச்சர்" என்றார் வீட்டுக்காரர், சாக்ஸைக் கழற்றியபடி.

"இலவசமாக் கிடைச்சா எதையும் வாங்கிப்பீங்களா? பிள்ளை அவளுக்கு டியூஷன் எடுக்குது, அவ பிள்ளைக்கு இல்ல. நாளைக்கு அவளும் பரீட்சை எழுதிப் பாஸாகிடுவா, பாருங்க."

"பாஸாகட்டுமே, பாவம்."

இந்த மனிதரிடம் பேசிப் பயன் இல்லை. பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வாயாடியை இழுத்துக்கொண்டு அட்டைக்காரியிடம் போனேன். இனிமேல் வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். வாயாடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் தடவை முதுகில் இடித்த பிறகுதான் சொன்னாள். அட்டைக்காரி தலையைச் சாய்த்து, சிரித்து, ஃபைலில் ஏதோ குறித்துக்கொண்டாள். பிள்ளை ஏன் விலகுகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கென்ன, ஒரு பெயரை அடித்தால் இன்னொரு பெயரை எழுதிக்கொள்வாள்.

மாவுக்காரிதான் படிக்கட்டு வரைக்கும் பின்னாலேயே வந்தாள். "ஏன்?" என்று என்னைப் பார்த்தே கேட்டாள்.

"முதல்ல உனக்கு ஒரு டீச்சர் வேணும், அதைப் போய்த் தேடுன்னு சொல்லுடி."

வாயாடி என்னவோ சொன்னாள். மாவுக்காரி சிரித்து, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். நான் சொன்னதை இவள் சொல்லவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. என் கோட்டில் ஐந்து விரல் மாவு ஒட்டியிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் சமையலறை மேஜைதான் வகுப்பு. தினமும் நாற்பது கணக்கு. சொல்லக் கூடாது, எனக்கே பழைய உயிர் வந்தது. காலை முழுக்கப் படுக்கை விரிப்பு மடித்த கையால் சாயங்காலம் மூன்றின் மடங்கும் நாலின் மடங்கும் எழுதும்போது, நான் இன்னும் செத்துப்போகவில்லை என்று தோன்றும். வாயாடி வேகமாகப் போட்டாள். தப்பே இல்லை. பேச்சு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. கணக்குப் போடும்போது பேசாமல் இருப்பது நல்ல பழக்கம்தானே என்று நினைத்தேன்.

பள்ளியிலிருந்து ஒரு மாதிரித் தாள் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு கணக்குக்குக் கீழேயும் நாலு கோடு போட்டு இடம் விட்டிருந்தது.

"அம்மா, இங்க எப்படிப் போட்டோம்னு எழுதணும். வாக்கியமா."

"கணக்குக்கு எதுக்குடி கதை? வழியைத்தான் எண்ணுல போட்டுட்டியே. கண்ணு இருக்கிறவன் பாத்துக்குவான்."

"அக்கா எழுதணும்னு சொன்னாங்க."

"அக்காவுக்கு ஏழு எட்டு எவ்வளவுன்னு தெரியுமா? விடை சரியா இருந்தா எவன் கேக்கப்போறான்? நேரத்தை வீணாக்காத, அடுத்ததைப் போடு."

போட்டாள். பரீட்சையிலும் அப்படியே போட்டுவிட்டு வந்தாள். இருபது கணக்கு, இருபதும் சரி. அதற்குக் கீழே இருந்த எண்பது கோடும் காலி.

ஐம்பதுக்கு இருபத்தாறு.

கடிதம் வந்த அன்றைக்கே கிளம்பினேன். தலைமையாசிரியை அறையில் ஒரு கணக்கு வாத்தியாரும் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் நாலு பேனா. நாலு பேனா வைத்திருக்கிறவனுக்கு ஒன்றிலும் மை இருக்காது என்பது என் அனுபவம். வாயாடியின் தாளைத் தூக்கி, வகுத்தல் போட்டிருந்த இடத்தைக் காட்டி, தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார். அவர்கள் வகுக்கும் எண்ணை வலது பக்கம் வைத்து எழுதுகிறவர்களாம். நாங்கள் இடது பக்கம். அதற்கு இவ்வளவு ஆட்டம்.

"என்னடி சொல்றார்?"

வாயாடி மேஜை விளிம்பைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "மனப்பாடம் பண்ணியிருக்கேனாம். எதுவும் புரிஞ்சு போடலையாம்."

மனப்பாடம்! என் மகளை! நான் எழுந்தேன். அந்த அறைச் சுவரில் ஒரு பலகை இருந்தது. சாக்பீஸை எடுத்து ஐந்து இலக்க எண்ணை மூன்று இலக்க எண்ணால் வகுத்து, மீதி இல்லாமல் இறக்கிக் காட்டினேன். எண்கள் வரிசை பிசகாமல் நின்றன. வாத்தியார் அதைக் கீழிருந்து மேலே சரிபார்த்தார். பிறகு ரொம்பவும் மரியாதையாக ஏதோ சொன்னார்.

"நீ போட்டது ரொம்ப சரியாம், அம்மா" என்றாள் வாயாடி. "ஆனா பரீட்சை எழுதினது நீ இல்லையாம்."

மூக்கு அறுபட்டது என்பார்களே, அதற்கு ரத்தம் வராது, அவ்வளவுதான் வித்தியாசம். தலைமையாசிரியை கொஞ்சம் இரக்கமுள்ளவள். பத்து நாள் கழித்து வாய்மொழியாக ஒரு தேர்வு வைக்கலாம் என்றாள். பலகையில் கணக்கைப் போட்டு, போடப் போட வாயால் விளக்க வேண்டும். வீட்டிலிருந்து ஒருவரும் டியூஷனிலிருந்து ஒருவரும் கூட உட்காரலாம். விடையை எடுத்துக் கொடுக்கக் கூடாது.

"வாத்தியார் பிள்ளை மக்குன்னு சும்மாவா சொன்னாங்க" என்று ஆரம்பித்த வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்த்ததும் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் சமையலறையில் நானே தேர்வு நடத்திப் பார்த்தேன். பின்னக் கணக்கு ஒன்றைக் கொடுத்து, "ஏன் அப்படிப் போட்ட?" என்றேன். தமிழில் கடகடவென்று சொன்னாள்.

"அந்த மொழியில சொல்லு."

"சொன்னா உனக்குப் புரியுமா?"

திமிராகக் கேட்டிருந்தால் ஓர் அடி வைத்திருப்பேன். அவள் சும்மாதான் கேட்டாள். குழாய் சொட்டுகிறதா என்று கேட்பதுபோலக் கேட்டாள். பிறகு பென்சிலைக் கீழே வைத்தாள்.

"எனக்கு அக்கா வேணும்மா. அவங்ககிட்ட பேசினாதான் எனக்குப் பேச வருது. இங்க நீ எல்லாம் தெரிஞ்சவ, உன்கிட்ட நான் என்னத்தைச் சொல்றது? நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீ விடையைச் சொல்லிடுவ."

யாரை வேண்டாம் என்று தள்ளினேனோ அவள் வாசலிலேயே போய் நிற்க வேண்டும். நான் போகமாட்டேன், வீட்டுக்காரர் போகட்டும் என்று நினைத்தேன். அவரை அனுப்பினால் ரொட்டியைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடுவார். கடைசியில் நானேதான் போனேன்.

ரொட்டிக் கடையின் பின்பக்கம் ஒரு சந்து. மாவு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அடுப்பின் அனல் முகத்தில் அறைந்தது. மாவுக்காரி முழங்கை வரை மாவோடு, தன் உடம்பைவிடப் பெரிய உருண்டையை மேஜையில் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தாள். வாயாடியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. பின்னால் என்னைப் பார்த்ததும் கொஞ்சம் வாடியது. வாயாடி எல்லாவற்றையும் சொன்னாள். நான் சந்திலேயே நின்றேன். மூட்டை தூக்குகிறவன் என்னை இரண்டு தடவை நகரச் சொன்னான்.

மாவுக்காரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என்னைப் பார்த்தபடி நீளமாகப் பேசினாள். சிரிக்காமல் பேசினாள்.

"என்ன சொல்றா?"

"நாளைலேருந்து வரச் சொன்னாங்க."

"அவ்வளவு நேரம் பேசினது அவ்வளவுதானா?"

"மீதி உனக்கு வேணாம்மா."

வேண்டாம்தான். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாதா? அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இரண்டு மடங்கு சொல்லியிருப்பேன்.

எட்டு நாளும் வந்தாள். டியூஷன் நாள், டியூஷன் இல்லாத நாள் என்று பார்க்கவில்லை. அட்டைக்காரி, பட்டியலில் இல்லாத பிள்ளைக்கு மாடி அறையைத் தர முடியாது என்று சொல்லிவிட்டாள். தலையைச் சாய்த்துக்கொண்டேதான் சொன்னாள். அதனால் கீழே, செய்தித்தாள் படிக்கிற மேஜையில் உட்கார்ந்தார்கள். கிழவர்கள் உஷ் உஷ் என்றார்கள். மாவுக்காரி கொட்டாவி விட்டாள், விரலில் எண்ணினாள், தப்பாகப் போட்டாள், "ஏன்?" என்றாள். அலமாரி இல்லாததால் நான் நேர் எதிரே உட்கார வேண்டியிருந்தது. அவள் தப்புப் போடும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த எட்டு நாளில் நான் செய்த வேலை அது ஒன்றுதான், அதுவே பெரிய வேலை. வேண்டுமென்றேதான் தப்புப் போடுகிறாளோ என்று ஒரு நாள் சந்தேகம் வந்தது. இல்லை. உண்மையிலேயே தெரியாது. கெட்டிக்காரத்தனம் என்று அதற்குப் பெயர் சூட்ட நான் தயாராக இல்லை.

தேர்வு நாளன்று நாலு பேனா வாத்தியார் கணக்கைச் சொன்னார். ஒரு தொட்டியின் முக்கால் பாகம் நிரம்ப ஆறு நிமிடம் ஆகிறது. முழுத் தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம்? எண்களைப் பார்த்ததுமே எட்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாயாடிக்கும் தெரிந்துவிட்டது என்று அவள் தோளைப் பார்த்தே சொல்வேன். ஒரு தொட்டி வரைந்து, நாலாகப் பிரித்து, மூன்று கட்டத்தில் கோடு போட்டாள். பேச ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியம் வந்தது. பிறகு நின்றுவிட்டது.

என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். அடுத்த படி என்னவென்று எனக்குத் தெரியும். அதற்கடுத்த படியும் தெரியும். இதே கணக்கைப் பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது கணக்கு இல்லை. அவளுக்கு வேண்டியிருந்த சொல் என்னிடம் ஒன்றுகூட இல்லை. பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். வாத்தியார் ஒரு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

மாவுக்காரி முன்னால் சாய்ந்தாள். தொட்டியைப் பார்த்தாள். அவள் நெற்றி சுருங்கியதைப் பார்த்தேன், அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை.

"ஏன் மூணு கட்டம்?" என்று கேட்டாள். இந்த அளவுக்கு எனக்கும் அந்த மொழி புரிந்தது.

வாத்தியார் அவளை முறைத்தார். அவள் எடுத்துக் கொடுக்கவில்லையே, தெரியாமல்தானே கேட்டாள்! வாயாடி சட்டென்று பலகையை விட்டு மாவுக்காரி பக்கம் திரும்பினாள். மூன்று கட்டத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, கட்டத்துக்கு இரண்டு நிமிடம் என்று விரலை நீட்டி, நாலாவது கட்டத்துக்கும் ஏன் அதே இரண்டு நிமிடம் என்று, பொறுமையாக, மக்குப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, அந்த மொழியில், நிறுத்தாமல் பேசினாள். கை ஆடியது, புருவம் ஏறி இறங்கியது. என் வீட்டு வாயாடி இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள் வந்து நின்றதை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். மாவுக்காரி "ஓ" என்றாள். அடுத்த கணக்குக்கும் வாயாடி அவளையே பார்த்துத்தான் பேசினாள். அதற்கடுத்ததற்கும்.

நாற்பத்தாறு. வாத்தியார் எண்ணை எழுதிக் காட்டியதும் வாயாடி ஓடினாள். என்னிடம் இல்லை. மாவுக்காரியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அந்த மொழியில் என்னென்னவோ சொல்லிச் சிரித்தாள். நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறு வாரம் ஆறாம் வகுப்புப் புத்தகங்களோடு வந்த வாயாடி அவற்றை மேஜையில் அடுக்கினாள். சரித்திரம், அறிவியல், கணக்கு. கணக்குப் புத்தகத்தில் எண்ணைவிட எழுத்துதான் அதிகம். முப்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் அன்றைக்கு முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை என்று, கேட்காமலேயே தெரிந்துகொண்டேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். டீச்சர் என்றுகூடக் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு நூலகத்து மாடிக்குப் போனேன். அட்டைக்காரி வாயாடியைக் கட்டியணைத்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். வெற்றியாம். எங்கள் வெற்றி என்று அவள் சொன்னதாக வாயாடி மொழிபெயர்த்தாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் நாற்காலிகூடத் தராதவள்! திரும்பவும் டியூஷனில் சேர்க்க வேண்டும் என்று சொல்லச் சொன்னேன். அட்டைக்காரி நாற்பத்தாறு என்ற எண்ணை விரலால் தட்டினாள். தேறிய பிள்ளைகளுக்கு டியூஷன் கிடையாது, அவர்கள் மேலே போனால் இவர்கள் வேலை முடிந்தது. முடிந்ததாம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, இத்தனை மாத டியூஷன் ஒரு போட்டோவாக முடிந்தது.

நான் நகரவில்லை. எனக்குப் பின்னால் மூன்று தாய்மார்கள் பிள்ளைகளோடு நின்றார்கள். மூலையில் மாவுக்காரி வந்து உட்கார்ந்து, கையில் பேனாவோடு தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். இன்னும் யாரையும் அவளுக்குக் கொடுத்திருக்கவில்லை. அட்டைக்காரி பெருமூச்சு விட்டு, இழுப்பறையிலிருந்து வேறொரு தாளை எடுத்தாள். தேறிய பிள்ளைக்கும் இன்னும் ஒரு வருடம் தர ஒரு வழி இருக்கிறதாம். பெயர், வயது, வகுப்பு எல்லாம் வாயாடியிடம் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவள், ஒரு கட்டத்தில் பேனாவை நிறுத்தி ஏதோ கேட்டாள்.

வாயாடி என்னைப் பார்த்தாள்.

"என்ன கேக்கறா?"

"வீட்டுல படிப்பு சொல்லிக்கொடுக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு."

"இல்லைன்னு சொல்லு."

"அம்மா, நீ இருக்கியே."

"இல்லைன்னு சொல்லுடி."

சொன்னாள். அட்டைக்காரி தலையைச் சாய்த்து என்னைப் பார்த்து, அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். நான் கையெழுத்துப் போட்டேன்.